பத்து நாள் துணி

எந்தப் பெட்டியைக் கையில் கொடுத்தாலும் அவர் முதலில் அதைக் கவிழ்த்து வைப்பார். எழுத்தும் படமும் இருக்கிற பக்கம் மேசையில் படிந்துகொள்ளும். வெறும் அட்டை மேலே தெரியும். அதற்குப் பிறகுதான் திறப்பார். கார் உதிரிப் பாகங்களை மட்டுமல்ல, பிஸ்கட் பாக்கெட், கல்யாணப் பத்திரிகை, கணவருக்கு வாங்கிய மாத்திரை அட்டை என்று எல்லாவற்றையும் அப்படித்தான். ஏன் என்று முதல் நாளே கேட்டேன்.

"மேல எய்தி வச்சிக்கீறது அவன் சொல்றது சார். உள்ள கீறது இன்னா சொல்லுதுன்னு பாக்க வேணாமா?"

தண்டையார்பேட்டையில் நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே பிரிகிற தெருவில் மூன்றாவதாக இருந்த கார் உதிரிப்பாகக் கடை அவருடையது. இப்போது அந்த இடத்தில் மருந்துக்கடை இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர். புடவைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. கழுத்தில் நூல் கட்டித் தொங்கும் கண்ணாடி. பத்து விரல் நுனிகளிலும் எந்தச் சோப்புக்கும் போகாத கரி. தெருவே அவரை அக்கா என்றது. நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பில்லில் அவர் பெயர் இருந்தது. அதை இங்கே எழுதினால் என்றாவது ஒரு நாள் இந்தத் தாளையும் கவிழ்த்து வைத்துவிட்டு, இதை ஏன் எழுதினாய் என்று கேட்பார். அதனால் விட்டுவிடுகிறேன்.

நான் எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கெழுதும் வேலையில் இருந்தேன். எந்தப் பெட்டி எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று நாள் முழுக்க எழுதுவேன். வீட்டுக்கு வந்தும் எழுதுவேன். ராயபுரத்தில் எந்தத் தெருவுக்கு எப்போது பெயர் மாறியது, எந்தக் கிணறு எப்போது மூடப்பட்டது என்று பழைய துறைமுகக் குறிப்புகளையும் கோயில் கணக்குகளையும் தேடிப் படிப்பதும், தேதி போட்டு நோட்டில் ஏற்றுவதும் எனக்கு இருபது வருடப் பழக்கம். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டைரி இருக்கும். இந்த டைரிதான் எங்களுக்குள் எல்லாச் சந்தேகத்துக்கும் தொடக்கம்.

என் காருக்கு அப்போது பத்து வயது. இன்ஜினுக்குப் போகிற காற்றை வடிகட்டும் பிளாஸ்டிக் பெட்டியின் மூடி உடைந்துபோனது. அந்த மாடலே நின்றுவிட்டதால் புது மூடி கிடைக்கவில்லை. யார்டில் ஒரு டிரெய்லர் ஓட்டுநர் சொன்னார்: "அந்த டப்பாவ தூக்கிப் போடு மாமு. கோல்ட் ஏர் இன்டேக் போடு. வண்டி சும்மா பிச்சிகினு போவும்." அதாவது கம்பெனிப் பெட்டிக்குப் பதிலாக ஒரு குழாயும், அதன் முனையில் கூம்பு வடிவில் ஒரு ஃபில்ட்டரும். இன்ஜின் சூட்டுக்கு வெளியே இருக்கிற குளிர்ந்த காற்றை இழுத்துக் கொடுக்கும். குளிர்ந்த காற்று கிடைத்தால் இன்ஜினுக்குத் தெம்பு கூடும் என்பது விற்பவர்கள் கணக்கு. மூன்று கடைகளில் கேட்டேன். மூன்று பேரும் அவரவர் பெட்டிதான் உசத்தி என்றார்கள். நான்காவதாக அக்காவின் கடை.

அவரிடம் மூன்று வகை இருந்தன. சிவப்புப் பெட்டியில் ஒரு வெளிநாட்டுப் பெயர். எண்ணெய் தடவிய பஞ்சு வலை. நீலப் பெட்டியில் இன்னொரு பெயர். ஸ்பாஞ்சு போன்ற ஃபில்ட்டர். மூன்றாவதற்குப் பெட்டியே இல்லை, பழைய செய்தித்தாள்தான். திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில் வளைத்த அலுமினியக் குழாய், முனையில் காகித ஃபில்ட்டர்.

"இதுல எது நல்லது?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்?"

"கடை வச்சிருக்கீங்களே."

"கட வச்சிக்கினா? விக்கத் தெரியும். நல்லதா இல்லியான்னு துணிதான் சொல்லணும்."

அவர் முறை இது. ஃபில்ட்டருக்குப் பின்னால், குழாயின் உட்புறத்தில் மெல்லிசாக வெள்ளை கிரீஸ் தடவுவார். வண்டியைப் பத்து நாள் ஓட்டச் சொல்வார். பதினோராம் நாள் கழற்றி, வெள்ளைத் துணியை விரலில் சுற்றிக் குழாய்க்குள் விட்டுத் துடைப்பார். ஃபில்ட்டர் தடுக்காமல் விட்ட தூசி எல்லாம் கிரீஸில் ஒட்டி, துணியில் வந்துவிடும். கணவரின் பழைய வேட்டிகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்திருந்தார். துடைத்த துணிகளைத் தேதி எழுதிக் கடையின் பின்சுவரில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். சாம்பல், பழுப்பு, மசிக் கறுப்பு. எண்ணூர்ப் பாதையில் ஓடிய வண்டி எது, வண்ணாரப்பேட்டைக்குள்ளேயே சுற்றிய வண்டி எது என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம்.

"பத்து நாள் எதுக்கு? இங்கேயே இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கலாமே" என்றேன்.

"நிக்கிற வண்டில எந்த ஃபில்ட்டரும் நல்ல ஃபில்ட்டர்தான் சார். ரோட்ல ஓடணும். அப்பதான் அதோட கொணம் தெரியும்."

தேதி எழுதிய துணிகளைப் பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா எய்துற?"

"சும்மா, குறிப்பு."

"சாமான் வாங்க வர்றவன் எவன் சார் குறிப்பு எய்துறான்? ஆர்.சி. புக்கு எங்க வச்சிக்கீற?"

இன்ஜின் நம்பர் தெரிந்தால்தான் குழாய் அளவு சரியாக வரும் என்றார். அது பொய் என்று பிறகுதான் தெரிந்தது. டாஷ்போர்டுப் பெட்டியைத் தானே திறந்து, ஆர்.சி.யில் என் பெயரையும் தெருவையும் படித்து, அந்தத் தெருமுனைக் கடையின் பெயர் என்ன என்று என்னையே கேட்டுச் சரிபார்த்தார்.

அவர் என்னைச் சார் என்றுதான் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு நீ என்று பேசினார். தெருவில் மற்ற எல்லோரும் அவருக்கு நைனா, தம்பி, யோவ். சார் என்பது அவர் வாயில் மரியாதை இல்லை. தள்ளி நில் என்று அர்த்தம்.

எதிரே ஒரு டீக்கடை இருந்தது. அங்கே மாதம் ஒரு முறை டீத்தூளைக் கேட்டு வாங்கி, பச்சைத் தண்ணீர் கிளாஸில் தூவி, சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பார். டீக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "டீ குடிக்க வந்தியாக்கா, இல்ல டீத்தூள கோர்ட்டுக்கு இஸ்துகினு போவ வந்தியா?" அக்கா கிளாஸையே பார்ப்பார். தண்ணீர் கேன் வந்தால் ஒரு கரண்டியில் ஊற்றிக் கொதிக்கவைத்து, வற்றிய பிறகு வெள்ளைத் தடம் எவ்வளவு என்று பார்ப்பார். பெட்ரோல் பங்குக்கு என்னோடு ஒரு முறை வந்தபோது பையிலிருந்து லிட்டர் பாட்டிலை எடுத்துவிட்டார். பங்கில் இருந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருந்தது. கும்பிட்டார்கள்.

முதலில் எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. சிவப்புப் பெட்டிச் சாமானைப் பொருத்திய அன்று காரணம் தெரிந்தது. பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை. பானெட்டுக்குள் தலையை விட்டபடியே பேசினார்.

"மூணு தபா வந்தான் சார் ஒர்த்தன். மருவாதியானவன். இதே மாரி சின்ன நோட்டு. எல்லாத்தையும் எய்திகினான். என் வூட்டுக்காரரு அவனுக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் குட்த்தாரு. நாலாந்தபா போலீஸோட வந்தான். கம்பெனி ஆளாம். பொட்டி எல்லாம் டூப்ளிகேட்டாம். எங்களுக்கு இன்னா தெரியும்? மொத்தக் கடைல குட்த்தான், வாங்குனோம். பேரு நல்லா பெருசா போட்டுக்கீது, நம்புனோம்."

கடை பதினோரு மாதம் சீல் வைக்கப்பட்டுக் கிடந்தது. கணவர் நான்கு நாள் உள்ளே இருந்து வந்தார். அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை; வீட்டில் அழைப்பு மணி அடித்தால் பின்கட்டுக்குப் போய் நின்றுகொள்கிறார். அக்கா கடையில் உட்கார்ந்தது அப்போதிலிருந்துதான். கட்டடக்காரர் புது வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்: இன்னொரு முறை அதிகாரிகள் கடைக்குச் சீல் வைத்தால், மறுநாளே சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

"அந்த ஒரு வரி மேலதான் இந்தக் கட நிக்கிது," என்று பானெட்டை மூடினார். "சொல்லு சார். மெய்யாலுமே நீ யாரு?"

சொன்னேன். யார்டு, டைரி, தெருப் பெயர்கள் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "கிணத்த மூடுன தேதிய எய்தி இன்னா பண்ணுவ?" என்றார். டைரியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன். அதையும் கவனித்துக்கொண்டார்.

சிவப்புப் பெட்டி பத்து நாள் அமர்க்களமாக ஓடியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முன்பக்கத்தில் ஒரு உறுமல். வண்டிக்கு வேகம் கூடிவிட்டது என்றே நினைத்தேன். அக்காவிடம் சொன்னேன். "சத்தம் கூடிச்சின்னு சொல்லு. வேகம் கூடிச்சின்னு யாரு சொன்னா? எண்ணூர் போவ எவ்ளோ நேரம் ஆச்சின்னு அந்த நோட்டுல பாரு." பார்த்தேன். பழைய நேரம்தான். லாரிகளுக்குப் பின்னால் ஊர்கிற சாலையில் வேறு என்ன ஆகும்.

பதினோராம் நாள் துடைத்தபோது துணி அடுப்புக்கரியில் முக்கி எடுத்ததுபோல் வந்தது. பத்து நாளும் நிலக்கரித் தூசி என் இன்ஜினுக்குள் நேராகப் போயிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது.

"இது போலியா?"

"ஒரிஜினலும் இப்டிதான் வருமோ இன்னாவோ. ஒரிஜினல நான் எங்க பாத்தேன்?"

துணியில் தேதி எழுதிச் சுவரில் குத்தினார். பிறகு வாசலை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உன்னாண்ட மட்டும் சொல்றேன் சார். இந்த செவப்புப் பொட்டி பரண் மேல நாப்பது கீது. பயிய சரக்கு. யாராண்டயும் மூச்சு வுடாத."

வீடு வரும் வரை அது என்னை அரித்தது. போலிச் சரக்கால் கடையை இழந்துவிட்டு மீட்டவர் அதே சிவப்புப் பெட்டியில் நாற்பதை ஏன் பரணில் ஒளிக்க வேண்டும்? அப்படியானால் இந்தத் துணி, இந்தக் கிரீஸ், இந்தக் கவிழ்த்த பெட்டி எல்லாம் என்ன? நேர்மையான கடை என்று பெயர் எடுக்க ஒரு நாடகமா? பெயர் எடுத்த பிறகு நாற்பதும் கூடுதல் விலைக்குப் போய்விடுமே. என்னைப்போல எத்தனை பேர் இன்ஜினுக்குள் கரி போகும்?

அன்று இரவே அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் இந்திய முகவரிக்குக் கடிதம் எழுதினேன். தேதி, கடை, பரண், நாற்பது பெட்டிகள். கணினியில் அனுப்பும் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. கையால் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, முகவரி எழுதி, மறுநாள் அனுப்பலாம் என்று டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்தேன். தபால்தலை மட்டும் வாங்க வேண்டியிருந்தது.

மறுநாள் டைரியில் இப்படி இருக்கிறது: "தபால் நிலையம் மூடியிருந்தது." அதற்கு அடுத்த நாள்: "வரிசை நீளம்." அதற்கு அடுத்து: "மறந்துவிட்டேன்." இரண்டு முறை தபால் நிலைய வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் கிளம்பியிருக்கிறேன். அப்போது என் மனசாட்சி தடுத்தது என்று இப்போது எழுத ஆசையாக இருக்கிறது. டைரியில் மனசாட்சி பற்றி ஒரு வரியும் இல்லை. தபால்தலை இல்லை என்றுதான் இருக்கிறது.

அந்தக் கடைக்கு வந்துபோனவர்களில் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது ஒருவரிடம்தான். அக்காவின் கொழுந்தனார், கணவரின் தம்பி. தென்பாண்டிப் பக்கம் பிறந்து, சிறு வயதில் அண்ணனோடு சென்னைக்கு வந்தவர். தினமும் மதியம் வீட்டிலிருந்து டிபன் கேரியர் கொண்டுவருவார். வந்ததும் மேசையைத் துடைப்பார், சிதறிய நட்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போடுவார். ஒரு நாள் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார்.

"மதினி பாவம் சார். அண்ணன் இப்படி ஆனதுக்குப் பொறவு ஒருத்தரையும் நம்ப மாட்டேங்காவ. கடைய நான் பாத்துக்கிடுதேன், நீங்க வீட்டுல இரிங்கன்னா கேக்க மாட்டேங்காவ. நீங்களாவது சொல்லுங்களேன்."

அக்கா கேரியரைத் திறந்ததும் முதல் பங்கை மூடியில் வைத்து அவர் பக்கம் தள்ளுவார். அவர் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் தான் சாப்பிடுவார். "கொழுந்தன் மேல் மட்டும் பாசம். நல்ல மனிதர்" என்று டைரியில் எழுதியிருக்கிறேன்.

நீலப் பெட்டியின் துணி பரவாயில்லை, பழுப்பாகத்தான் வந்தது. ஆனால் அக்காவிடம் இன்னொரு கருவி இருந்தது. மீன் தொட்டியில் போடுகிற தெர்மாமீட்டர். அதன் கம்பி முனையைக் குழாய்க்குள் விட்டு, காட்டும் பகுதியை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்திருந்தார். டோல்கேட் சிக்னலில் வண்டி நிற்க நிற்க எண் ஏறிக்கொண்டே போனது. நீலப் பெட்டியின் ஃபில்ட்டர் பானெட்டுக்குள்ளேயே, இன்ஜினுக்கு அருகில் உட்கார்ந்திருந்தது.

"சூட்டுக் காத்த குடிச்சிகினே கோல்டு ஏர்னு பேரு வச்சிக்கீது பாரு, பேமானி," என்று அதைக் கழற்றினார்.

கடைசியாகப் பெட்டி இல்லாத சாமான். அதைப் பொருத்திய அன்று வேலை ஒரு மணி நேரம் இழுத்தது. லேத் பட்டறைக்காரர் ஃபில்ட்டரைப் பம்பருக்குக் கீழே வைக்கும்படிதான் குழாயை வளைத்திருந்தார். அங்கேதான் காற்று நன்றாகக் குளிரும். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "ஐப்பசி மாசம் இந்த ரோட்ல காரு ஓடாது சார், நீஞ்சும். கீய வச்சா மொத முழுக்குலயே தண்ணி குடிச்சி இன்ஜின் செத்துப்பூடும்." ஹெட்லைட் உயரத்துக்குக் குழாயைத் திருப்பி, வேறு கிளிப் போட்டு இறுக்கினார். "சாவியக் குட்த்துட்டுப் போயி டீ குடி. ஆர்.சி. இன்னொரு தபா பாக்கணும்."

டீ குடித்துவிட்டு வந்தேன். பத்து நாள் ஓட்டினேன். துணியில் மெல்லிய சாம்பல் நிறம், திருநீறு தடவியதுபோல. தெர்மாமீட்டர் டோல்கேட்டிலும் அதிகம் அசையவில்லை. உறுமல் இல்லை, பெயர் இல்லை. அதையே வாங்கிக்கொண்டேன். பில் போட்டுக் கொடுத்துவிட்டு, "ரெண்டு மாசம் கழிச்சி வா. ஃபில்ட்டர தட்டிக் குடுக்குறேன்" என்றார்.

கடிதத்தை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த டாஷ்போர்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, டீக்கடைக்காரர் என் வண்டியைக் கை காட்டி நிறுத்தினார். "சேதி தெரியுமா சார்? டூப்ளிகேட் புடிக்கிற ஆளுங்க வந்தானுங்க. அக்கா கடைக்கு இல்ல. நேரா திருவொத்தியூரு லேத்துப் பட்டறைக்குப் போயி, ரெண்டு மணி நேரம் இரும்புத் தூள கொட்டிக் கவுத்துப் பாத்தானுங்க. ஒரு மயிரும் சிக்கல. அங்க ஏன் போனானுங்கன்னுதான் புரியல."

எனக்கும் புரியவில்லை. சனிக்கிழமை, ஃபில்ட்டரைத் தட்ட வேண்டும் என்ற சாக்கில் போனேன். அக்கா தனியாக இருந்தார்.

"பரண் மேல் இருந்ததை எல்லாம் என்ன செய்தீங்க?" என்று மெல்லக் கேட்டேன்.

ஏணியைக் காலால் என் பக்கம் தள்ளினார். "ஏறிப் பாரு."

ஏறினேன். பரணில் எரிந்துபோன டியூப் லைட்டுகள் இரண்டு, சக்கரம் இல்லாத ஒரு குழந்தை சைக்கிள், அதன் மேல் பல வருடத் தூசி. பெட்டி இருந்து எடுத்த தடம்கூட இல்லை.

"ஒரு பொட்டியும் எப்பவும் இருந்ததில்ல," என்று கீழேயிருந்து சொன்னார். "உன்னாண்ட பரண் மேலன்னு சொன்னேன். டீக்கடைக்காரன்கிட்ட, பக்கத்துல சக்கரம் இல்லாம நிக்கிற பயிய அம்பாசிடரு டிக்கில கீதுன்னு சொன்னேன். இன்னொருத்தராண்ட, லேத்துப் பட்டறைல வச்சிக்கீறேன்னு சொன்னேன். பட்டறைக்காரருக்கு முன்னாடியே தகவல் குட்த்துட்டேன், எவனாவது வந்தா காட்டிட்டுப் போச் சொல்லுன்னு. மூணு பைப்பு, ஒரே ரோடு. எந்தப் பைப்பு வயியா தூசி வருதுன்னு பாக்கணும்ல?"

ஏணியில் நின்றபடியே கேட்டேன். "அந்த இன்னொருத்தர் யார்?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம்.

"மதினி, இன்னைக்கு வஞ்சிரக் குழம்பு. சூடா இருக்கு, சாப்பிட்டுருங்க." கொழுந்தனார் கேரியரை மேசையில் வைத்தார். என்னை ஏணியில் பார்த்துச் சிரித்தார். "என்ன சார், பரணுக்கு ஒட்டடை அடிக்கீங்களோ?"

"வையி," என்றார் அக்கா. கேரியரைத் திறந்தார். மூடியில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, மீனில் நடுத்துண்டை வைத்து அவர் பக்கம் தள்ளினார். "துன்னு நைனா. நீ மொதல்ல துன்னு."

அவர் சாப்பிட்டார். ஒரு வாய், இரண்டு வாய். அவர் தொண்டை ஏறி இறங்குவதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைப் பாசம் என்று எத்தனை தேதிகளில் எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். அவர் கை கழுவி, மேசையைத் துடைத்து, காலிக் கேரியரை நாளைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போகும் வரை நாங்கள் இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினோம்.

"அவரை ஒண்ணும் கேட்கலையா?" என்றேன்.

"கேட்டு? இல்லன்னு சொல்லுவான். அவன் சொல்றத வச்சி நான் இன்னா பண்றது?" சோற்றைப் பிசைந்தார். "ரெண்டாந்தபா சீல் வுயுந்தா நான் காலி. மக்கா நாளே அவன் போயி கட்டடக்காரன்கிட்ட அட்வான்ஸ் குடுப்பான். பேசி வச்சிக்கீறான்னு தெரியும். எந்தப் பைப்புல எவ்ளோ தூசி வரும்னு தெரிஞ்சிகினா போதும் சார். வச்சிகினே ஓட்டலாம். தூக்கிப் போட்டா என் வூட்டுக்காரருக்குச் சோறு யாரு போடுவா? அண்ணனுக்கு தெனம் தலைய தொவட்டி வுடுறது இவன்தான். அதுவும் மெய்தான்."

பிறகு தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார். "மொதத் தபாவும் இந்தப் பைப்புலதான் வந்திச்சான்னு தெரியல. அப்ப நான் துணி வைக்கல."

சுவரில் வரிசையாகத் தொங்கிய துணிகளைப் பார்த்தேன். அவற்றுக்கு நடுவே நானும் மூன்று மாதமாகத் தொங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. அவமானமாக இருந்தது. தேறிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

"அப்போ என் துணி வெள்ளைதானே?" என்று கேட்டேன்.

கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "வெள்ளதான் தம்பி. ஓரத்துல மட்டும் லேசா."

முதல் முறையாகத் தம்பி என்று கூப்பிட்டார். அந்தச் சந்தோஷத்தில் மற்றதைக் கேட்காமல் விட்டுவிட்டேன். ஃபில்ட்டரைத் தட்டி மாட்டினார். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பப் போனபோதுதான் ஓரத்தில் என்றால் என்ன என்று யோசித்தேன். கை தானாக டாஷ்போர்டுப் பெட்டிக்குப் போனது.

கடிதம் அங்கேயேதான் இருந்தது. நான் ஒட்டிய உறையைப் பிரித்து, மறுபடி சீராக ஒட்டியிருந்தது. வலது மூலையில், நான் மூன்று மாதமாக வாங்காத தபால்தலை. சரியான மதிப்பில், நேராக ஒட்டப்பட்டு. அதன் மேல் பாதியும் உறையின் ஓரத்தில் பாதியுமாக ஒரு கறுத்த பெருவிரல் தடம்.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா கடைக்குள் புதிதாக வந்த ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

நான் சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போன அந்த நாளிலிருந்து அறுபத்தெட்டு நாள் அந்தக் கடிதம் அனுப்பத் தயாராக என் முழங்காலுக்கு முன்னால் இருந்திருக்கிறது. தினமும் இரண்டு தபால் பெட்டிகளைத் தாண்டித்தான் எண்ணூருக்குப் போய் வந்திருக்கிறேன். அந்த அறுபத்தெட்டு நாளில் ஒரு நாள் பெட்டியைத் திறந்து தபால்தலையைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று டைரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். அந்தத் தேதிகளில் எல்லாம் வண்டி நன்றாக ஓடியது என்றுதான் எழுதியிருக்கிறேன்.